ஆயிரம் என்றால் எந்த ஆயிரம்?

நஸ்ருல்லா ஊருக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலை, காட்டூரில் இருக்கும் ஜைத்தின் அம்மாவிடம் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அவருடைய போன் சொன்னது.

ஜஹானாரா அப்போது அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து கணவர் அந்தத் தொகையை வாய்விட்டுப் படித்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"எவ்வளவுங்க?"

"ரெண்டு லட்சத்து முப்பதாயிரம்."

"ஜைத் தம்பி அங்க என்ன, ஷேக்குக்கு மருமகனாயிட்டானா?"

நஸ்ருல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். எப்படிப் பிடித்தாலும் அது இரண்டு லட்சத்து முப்பதாயிரமாகத்தான் இருந்தது.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஷார்ஜாவில் ஒரு கம்பெனி கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பதினாறு வருஷமாக அங்கே வாசம், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாலக்கரை வீட்டுக்கு ஒரு மாத லீவு. அங்கே அவர் அறையில் அவரைத் தவிர ஏழு பேர், எல்லாரும் திருச்சியைச் சுற்றி உள்ளவர்கள். யார் லீவில் ஊருக்குக் கிளம்பினாலும் மற்றவர்கள் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை, கிளம்புகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவது அந்த அறையின் வழக்கம். பேங்கில் அனுப்ப முடியாதா என்றால் முடியும், மாதாமாதம் அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளையோடு ஒரே அறையில் சோறு தின்ற ஆள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, டீ குடித்து, "உங்க பையன் நல்லா இருக்கான், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கான்" என்று சொல்லிக் கொடுக்கிற காசு வேறு. அதை அமானத் என்பார்கள். நம்பி ஒப்படைத்த பொருள். நஸ்ருல்லா சொந்தப் பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் அடுத்தவர் அமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற ஆள். அறையில் அவருக்கு அதனால் ஒரு தனி மரியாதை. அதை அவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் உள்ளுக்குள் அதில் அவருக்கு அவ்வளவு பெருமை என்பது ஜஹானாராவுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் அந்தக் கணக்கு ஒரு குட்டி நோட்டில் இருக்கும். நாலைந்து வருஷமாகப் போனில் ஒரு கணக்கு ஆப். காலையில் குடித்த டீயிலிருந்து சலூனில் கொடுத்தது வரை எல்லாவற்றையும் அதில் தட்டிவிடுவார். இந்தத் தடவை ஏழு பேருக்கும் அதில் ஏழு கவர் திறந்து, பெயரையும் தொகையையும் போட்டு வைத்திருந்தார். நோட்டு தொலையும், ஆப் தொலையாது என்பது அவர் கட்சி.

நடந்தது இதுதான். திருச்சி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது போனுக்கு நம் ஊர் சிக்னல் கிடைத்தது. கிடைத்ததும் அந்த ஆப் பணிவாக ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் பயணத்தில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது, கணக்கை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றட்டுமா? முன்னால் நின்ற ஆள் நகர்ந்துவிட்டான், பின்னால் இருந்தவன் பெட்டியால் இடிக்கிறான். யார்தான் அந்த நேரத்தில் படித்துப் பார்ப்பார்கள்? 'சரி' என்று அழுத்திவிட்டார். அது எல்லாத் தொகையையும் இருபத்து மூன்றால் பெருக்கி ரூபாயாக்கி வைத்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. அந்த அறையில் பேச்சு எப்படி என்றால், ஊர்க் காசைப் பற்றிப் பேசும்போது சிலர் ரூபாயில் சொல்வார்கள், சிலர் திர்ஹத்தில் சொல்வார்கள். கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். இவரும் அவரவர் வாயில் வந்த எண்ணை அப்படியே திர்ஹக் கணக்கில் தட்டி வைத்திருந்தார். ஜைத் சொன்னது பத்தாயிரம் ரூபாய். அதுதான் இரண்டு லட்சத்து முப்பதாயிரமாகிப் போனது. கே.கே. நகர் அழகர்சாமி கொடுத்தது ஐந்நூறு திர்ஹம், அது மட்டும் ஒழுங்காகப் பதினோராயிரத்து ஐந்நூறாகியிருந்தது. ஆக மொத்தம் பாதி சரி, பாதி கூத்து.

"ஒவ்வொருத்தரையா கேட்டுட வேண்டியதுதானே? இதுக்குப் போயி தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் ஜஹானாரா.

கேட்டார். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு குரல் பதிவு போட்டார். மதியத்துக்குள் ஆறு பேரிடமிருந்து சிரிப்பும் கேலியுமாகப் பதில் வந்துவிட்டது. "பாய், ஆப் சொல்றதையே கொடுத்துடுங்க பாய், அம்மா சந்தோஷப்படுவாங்க" என்றான் ஜைத். அன்று மாலையும் மறுநாளும் ஸ்கூட்டரில் சுற்றி ஆறு வீட்டுக்கும் கொடுத்து முடித்தார்.

பதில் வராதது ஏழாவது ஆளிடமிருந்து. பிரஹலாத், ஸ்ரீரங்கத்துப் பையன். கப்பலில் எஞ்சின் வேலை. கரையில் இருக்கும் நாளில் அறையில் இருப்பான், தனி அடுப்பில் தனக்கென்று ரசம் வைத்து அதை ஏழு பேருக்கும் ஊற்றுவான். நஸ்ருல்லா விமானம் ஏறிய அதே நாளில் அவனும் கப்பல் ஏறிவிட்டான். இரண்டு வாரம் நடுக்கடல், சிக்னல் கிடையாது. ஆப்பில் அவன் கவரில் இருபத்து மூவாயிரம் என்று இருந்தது. அதாவது அவன் சொன்ன எண் ஆயிரம்.

ஆயிரம் ரூபாயா, ஆயிரம் திர்ஹமா?

"நல்லா யோசிச்சுப் பாருங்க. எப்படிச் சொன்னாரு அந்தத் தம்பி?"

"லிஃப்ட் வாசல்ல நின்னு ஷூ மாட்டிக்கிட்டே சொன்னான். 'பாய், அம்மாவுக்கு ஆயிரம் போட்டுக்கோங்க'ன்னான். நானும் அங்கயே நின்னு போட்டுக்கிட்டேன். கீழ டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"நோட்டு என்ன கலர்னு ஞாபகம் இல்லையா?"

"ஏழு பேர் நோட்டையும் ஒண்ணா வெச்சு எக்ஸ்சேஞ்ச்ல மாத்தினேன் ஜஹானா. ஆப்ல இருக்கேன்னு எதையும் மண்டையில வெச்சுக்கல."

சரி, மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேரும் கட்டிலில் பணத்தைப் பரப்பி உட்கார்ந்தார்கள். லீவு சம்பளம், டிக்கெட் போக மீதி, மகள் அல்ஷிஃபாவுக்கு வாங்கிய கம்மல், எல்லாவற்றையும் கழித்துக் கூட்டினார்கள். பிரஹலாத் கொடுத்தது ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கையில் நாலாயிரம் குறைந்தது. ஆயிரம் திர்ஹம் என்று வைத்தால் இருபத்தாறாயிரம் குறைந்தது.

"பார்த்தீங்களா? நாலாயிரம் நீங்க ஏர்போர்ட்ல பால் பவுடரும் சாக்லேட்டும் வாங்கினதுல போயிருக்கும். இருபத்தாறாயிரம் எங்க போகும்? ஆயிரம் ரூபாய்தான். முடிஞ்சு போச்சு."

ஜஹானாரா அவ்வளவு சீக்கிரம் முடித்ததற்குக் காரணம் இருந்தது. அக்னி நட்சத்திரம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மாடி அறையில் பகலில் சுவரைத் தொட முடியாது. இந்த லீவில் அந்த அறைக்கு ஒரு ஏசி என்று இரண்டு வருஷமாகப் போனில் பேசிப் பேசி, நஸ்ருல்லா அதற்கென்று முப்பத்து நாலாயிரம் ஒதுக்கிக் கொண்டுவந்திருந்தார். பெரிய கடைவீதியில் போய் விலைகூட விசாரித்துவிட்டு வந்தாள். இருபத்து மூவாயிரத்தைத் தூக்கி ஸ்ரீரங்கத்தில் கொடுத்தால் ஏசியில் பாதிகூட மிஞ்சாது. அதற்காக அடுத்தவர் காசுக்கு ஆசைப்படுகிறவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. கணக்கு அப்படிச் சொல்கிறது, அவள் என்ன செய்வாள்?

நஸ்ருல்லாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. "கணக்கு சொல்லுது சரி. ஒருவேளை திர்ஹமா இருந்தா? ஒரு தாய்க்கு வந்த காசுல இருபத்து ரெண்டாயிரத்தை நான் எடுத்து ஏசி மாட்டினதா ஆகாதா? அதுல எப்படி எனக்குத் தூக்கம் வரும்?"

"அப்ப உள்ளதைச் சொல்லிடுங்களேன். ஆப் குழப்பிடுச்சு, தம்பி வந்ததும் கேட்டுக் கொடுக்கிறேன்னு."

"அமானத்தா வாங்கினது எவ்வளவுன்னு மறந்துட்டேன்னு எந்த வாயால சொல்றது?" அவர் போனைக் கட்டிலில் தள்ளிவிட்டார். "பதினாறு வருஷமா ஒருத்தரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்ல."

அவர் வேண்டுமானால் பிரஹலாத் கரைக்கு வரும்வரை தள்ளிப் போடலாம். ஆனால் அந்தப் பையன் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்றையும் அப்பாவுக்காகக் கொடுத்திருந்தான். ஐந்தாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்தே போன் வந்துவிட்டது. அவன் அம்மா செண்பகவல்லி. "நீங்க வரேள்னு பிள்ளை சொல்லியிருந்தான். ஆத்துக்காரியையும் அழைச்சுண்டு வாங்கோ" என்று அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை இரண்டு கவர் தயாரானது. ஒன்றில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இரண்டு. இன்னொன்றில் நாற்பத்தாறு. இரண்டையும் ஜஹானாரா தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள், அவர் கையில் கொடுத்தால் வியர்வையிலேயே நனைத்துவிடுவார்.

"அங்க போயிப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம்" என்றார் நஸ்ருல்லா. "அந்தம்மா வாயிலேருந்தே தொகை வந்துட்டா நமக்கு நிம்மதி."

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தார்கள். காவிரிப் பாலத்தில் ஜன்னல் வழியாக வந்த காற்று ஒன்றுதான் அன்றைக்கு நல்ல காற்று. இவர் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார், நடுவில் அது தானாகத் திருந்திவிடும் என்பது போல. ஜஹானாரா மெல்லிய கவரை மேலேயும் கனத்த கவரை அடியிலும் வைத்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். செண்பகவல்லி படி இறங்கி வந்தே வரவேற்றாள். "வாங்கோ, வாங்கோ. வெயில்ல இப்படி வந்திருக்கேளே!" என்று ஜஹானாராவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மேலே சௌரிராஜன், பிரஹலாத்தின் அப்பா, ரிட்டயர்டான போஸ்ட் ஆபீஸ்காரர், நெற்றியில் அப்போதுதான் இட்ட திருமண்ணோடு ஃபேனுக்குக் கீழே நாற்காலியைச் சரிசெய்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். நீர்மோர் வந்தது. கூடவே தட்டில் சர்க்கரைப் பொங்கல்.

மெஷினைக் கொடுத்ததும் சௌரிராஜன் சின்னப் பிள்ளையாகிவிட்டார். அட்டைப் பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, தாளைப் படித்து, தன் கையில் மாட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. மனைவிக்கும் பார்த்தார். அப்புறம், "உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்று நஸ்ருல்லாவின் கையைப் பிடித்து இழுத்து மாட்டிவிட்டார். மெஷின் உப்பியது, இறங்கியது.

"நூத்தி அறுபத்தெட்டு! என்னது இது? மாத்திரை ஏதாவது சாப்பிடறேளா?"

"இல்லைங்க. வெயில்ல வந்தது..."

"பிரயாணக் களைப்பா இருக்கும். கொஞ்சம் ஆஸ்வாசமா உக்காருங்கோ, அப்புறம் இன்னொரு தடவை பார்க்கலாம்."

ஜஹானாரா சிரிப்பை அடக்க நீர்மோர் டம்ளரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது. இந்த மனுஷன் பதினாறு வருஷம் கிடங்கில் கோடிக் கணக்கில் சரக்கு பார்த்தவர், ஒரு ஆணி குறைந்தது கிடையாது. இந்த ஆயிரம் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது.

நஸ்ருல்லா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏங்கம்மா, தம்பி உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா? என்கிட்ட கொடுத்து விடறதைப் பத்தி?"

"சொன்னானே! கிளம்பற அன்னிக்குக் காலம்பற பேசினான்."

நஸ்ருல்லா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"'பாய் கையில கொடுத்தனுப்பறேம்மா'ன்னான். எவ்வளவுடான்னு கேட்டேன். 'அதெல்லாம் எதுக்கு, அவர் என்ன கொடுக்கறாரோ அதை எண்ணாம வாங்கிப் பெருமாள்கிட்ட வை. பாய் கொடுக்கறதை எண்ணிண்டு நிக்காதே, எனக்கு அவமானமாப் போயிடும்'னான்." செண்பகவல்லி சிரித்தாள். "அவனுக்கு இங்கே எங்களைவிட உங்க மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி."

நஸ்ருல்லா தலையைக் குனிந்துகொண்டார். காது வரை சிவந்துவிட்டது. ஜஹானாராவைப் பார்த்தார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏசி அவளுடையது, முடிவும் அவளுடையது என்று விட்டுவிட்ட பார்வை அது.

அவள் ஜிப்பைத் திறந்தாள். விரலில் முதலில் பட்டது மெல்லிய கவர். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் கொடுப்பது என்று தீர்மானமாக இருந்தவள்தான். கட்டிலில் பரப்பி எண்ணிய கணக்கு முழுவதும் அவள் பக்கம் இருந்தது. ஆனால் எண்ண மாட்டேன் என்று எதிரே ஒரு பொம்பளை இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நிற்கும்போது, குறைச்சலாக இருக்கலாமோ என்று சந்தேகப்படுகிற ஒன்றை அந்தக் கையில் எப்படி வைப்பது? நாளைக்கு ஏசி போட்டுப் படுத்தால் அந்தக் கைதான் கண்ணுக்குள் வந்து நிற்கும். போகட்டும் போ என்று மெல்லியதைத் தள்ளிவிட்டு அடியிலிருந்த கனத்த கவரை எடுத்துச் செண்பகவல்லியின் கையில் வைத்தாள்.

செண்பகவல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரிக்காமலேயே கொண்டுபோய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

"இப்போ பார்க்கலாம்" என்று சௌரிராஜன் மறுபடி மெஷினை மாட்டினார். "நூத்தி முப்பத்து நாலு! நான் சொன்னேனோல்லியோ? பிரயாணக் களைப்புதான்."

திரும்பும்போது பஸ்ஸில் நஸ்ருல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏசி..."

"பேசாம வாங்க. மொட்டை மாடியில தண்ணி ஊத்திப் பாயைப் போட்டா காத்து வராதா? உங்களுக்கு இருக்கிறது இன்னும் மூணு வாரம், அதுக்கு ஒரு ஏசியா?" என்று கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் மனதில் கோபம் இல்லை. அது எங்கே போயிற்று என்று அவளுக்கே வியப்பு. அன்று ராத்திரி அவர் மூன்று பரோட்டா சாப்பிட்டு, தட்டை வழித்து, அல்ஷிஃபாவின் கல்லூரிக் கதையெல்லாம் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, இருபத்து ரெண்டாயிரத்துக்கு அது மோசமில்லை என்று தோன்றியது.

அதன் பிறகு லீவு லீவாகவே போனது. ஒரு நாள் முக்கொம்பு, ஒரு நாள் மாமி வீட்டு விருந்து. ஆப்பைத் திரும்பத் திர்ஹத்துக்கு மாற்ற அல்ஷிஃபா சொல்லிக் கொடுத்தாள், இவர் பயந்து தொடவே இல்லை. செலவை ஜஹானாராவிடம் வாயால் சொன்னார். அவள் காலண்டரில் எழுதி வைத்தாள்.

ஒன்பது நாள் கழித்து, இருவரும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. பிரஹலாத்திடமிருந்து ஒரு குரல் பதிவு, நீளமானது. நஸ்ருல்லாவின் கை ஈரம், அவள்தான் அழுத்தினாள்.

"பாய், முதல்ல என்னை மன்னிச்சுடுங்கோ. கப்பல் இன்னிக்குத்தான் கரைக்கு வந்தது. அன்னிக்கு லிஃப்ட் வாசல்ல, அம்மாவுக்கு ஆயிரம் போட்டுக்கோங்கன்னு வாயாலதான் சொன்னேன் பாய், ஆயிரம் திர்ஹத்தைத்தான். பணத்தைக் கொடுக்கவே இல்லை. டாக்ஸிக்காரன் அவசரப்படுத்தினான், மறந்து ஓடிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பையைத் திறந்தா நோட்டு அப்படியே இருக்கு. நடுக்கடல்ல யாருக்குச் சொல்றது? பாய் எங்க அம்மா முன்னாடி வெறும் மெஷினோட போய் நிப்பாரே, எண்ணாம வாங்கிக்கோன்னு வேற சொல்லி வெச்சிருக்கேனே, அம்மா அவரைப் பத்தி என்ன நினைச்சுப்பாளோன்னு அத்தனை நாளும் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இப்போதான் அம்மாகிட்ட பேசினேன். பெருமாள்கிட்ட வெச்ச கவரைப் பிரிச்சு எண்ணச் சொன்னேன். இருபத்து மூவாயிரம் சரியா இருக்குங்கறா..."

அங்கே காற்று இரைந்தது, அவன் குரலை உயர்த்திக் கேட்டான்.

"நான் கொடுக்காத பணத்தை நீங்க எப்படி பாய் கொடுத்தேள்?"

பதிவு முடிந்தது. நஸ்ருல்லா பிழிந்த லுங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஜஹானாராவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய் அவளே பேசினாள்.

"தம்பி, நான் ஜஹானாரா பேசறேன். நாங்க கொடுக்கிறோம்னு நினைச்சுக் கொடுக்கல தம்பி. உங்க பணம்னு நினைச்சுத்தான் கொடுத்தோம். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. மெதுவா அனுப்புங்க, அவசரமில்ல. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அனுப்பிவிட்டுத் திரும்பினாள். நஸ்ருல்லா இன்னும் அதே இடத்தில்தான் நின்றார். புருவத்தைச் சுருக்கி, மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"ஜஹானா, அப்ப இத்தனை நாளா நான் யார் பணத்தைத் தின்னுடுவேனோன்னு பயந்தேன்?"

"உங்க பணத்தைத்தான்" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.